கன்று போடும் முன்பே மடியைக் கெடுக்கும் நோய்!

தலைஈத்து மாடு வைத்திருப்போர் உஷார்!!

சென்னை நகரில் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் போன்ற பழைய பேட்டைகளில் இன்னமும் வாசலில் மாடு கட்டிப் பால் கறந்து பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். கடனை உடனை வாங்கி ஒரு கிடேரியை வளர்க்கிறார்கள். இரண்டரை, மூன்று வருஷம் தீனி போட்டுக் காத்திருந்து, அது கன்று போட்டதும் சொம்போடு கீழே குந்தினால், ஒரு காம்பில் பாலே வரவில்லை! மஞ்சள் தண்ணீரும் திரிதிரியான கட்டியும்தான் வருகிறது.

இதுதான் மடிநோய். "ராத்திரிதானே கன்னு போட்டுது, அதுக்குள்ளே எப்படி வந்துச்சு?" என்று திகைப்பவர்கள் உண்டு. கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போடுகிறவர்களும் உண்டு. ஆனால், நோய் ராத்திரி வந்ததல்ல. பல வாரங்களுக்கு முன்பே, சில மாடுகளில் பல மாதங்களுக்கு முன்பே, கிருமி மடிக்குள் புகுந்து குடியேறி விடுகிறது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

கறக்காத மடியில் கிருமி

கறவை மாட்டின் மடியைத் தினமும் இரண்டு வேளை கை தொடுகிறது. கிடேரியின் மடியை யார் பார்க்கிறார்கள்? அங்கேதான் வினை.

பால் குடித்த கன்றுகளை ஒன்றாகக் கட்டினால், வாய் ருசி போகாமல் ஒன்றின் காம்பை இன்னொன்று சப்பும். அப்போதே கிருமி தொற்றலாம். காம்பின் நுனியில் ஈ மொய்த்துக் கடித்துப் புண்ணானால் அது இன்னொரு வாசல். சாணத்திலும் சாக்கடை ஓரத்திலும் படுத்தால் கேட்கவே வேண்டாம்.

பால் சுரக்கும் சதை பெரும்பாலும் முதல் சினையின்போதுதான் வளர்கிறது. வளரும் நேரத்தில் கிருமி அரித்தால் அந்தப் பக்கம் பால் குறைந்து விடும். முற்றினால் காம்பு அடைத்தே போகும். சந்தையில் துண்டுக்குள் விரல் பிடிக்கும் தரகர் முதலில் தடவிப் பார்ப்பது நாலு காம்பையும்தான். "மூணு காம்பு மாடு" என்று பெயர் வாங்கினால் அப்புறம் விலை ஏது?

வீக்கமெல்லாம் நோயல்ல

தலைஈத்து மாட்டுக்குக் கன்று போடும் சமயம் மடி வீங்குவது சகஜம். இந்த வீக்கம் இரண்டு பக்கமும் ஒரேபோல இருக்கும். விரலால் அழுத்தினால் குழி விழும், மாடு வலியில் உதைக்காது. சில நாளில் தானே வடியும். நிறைசினையில் உப்பை அதிகம் வைக்காமல் இருந்தால் நல்லது.

ஒரு பக்கம் மட்டும் சூடாக, கல் மாதிரி இறுகித் தொட்டாலே மாடு காலைத் தூக்கினால் அது நோய். "கன்னு போட்டா மடி வீங்கத்தான் செய்யும்" என்று சும்மா இருந்து விடுவதுதான் பலரைக் கவிழ்த்து விடுகிறது.

என்ன செய்யலாம்?

நிறைசினை மாட்டின் மடியைத் தினமும் ஒருமுறை கண்ணால் பாருங்கள். கடைசி மாதத்தில் மெல்லத் தடவிக் கொடுத்துப் பழக்கினால், பிறகு அணைகயிறு போட்டு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஆனால், கன்று போடும் முன் காம்பைப் பீய்ச்சிப் பார்க்கக் கூடாது. நுனியை அடைத்திருக்கும் மெழுகு போன்ற பொருள் கிருமிக்குத் தடுப்பு. அதை நாமே எடுத்து விடலாமா?

கறக்கும்போது முதல் பீய்ச்சலைக் கறுப்புத் தட்டில் விட்டால் திரி இருப்பது பளிச்சென்று தெரியும். தரையில் பீய்ச்சாதீர்கள். கட்டை விரலை மடக்கி இழுத்துக் கறப்பதும் காம்பைப் புண்ணாக்கும். தலைஈத்து மாட்டை முதலிலும், நோய் கண்ட மாட்டைக் கடைசியிலும் கறக்க வேண்டும். கறந்தபின் அரைமணி நேரமாவது காம்பின் துவாரம் திறந்திருக்கும். அந்த நேரம் மாடு படுக்காமலிருக்கத் தீனி போட்டு நிற்க வையுங்கள்.

கற்றாழை வைத்தியம்

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையம் பரப்பிய மூலிகை மருந்து ஒன்று உண்டு. சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் அரைத்தால் சிவந்த விழுதாகும். ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் கரைத்து, கழுவிய மடி முழுவதும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வரை, ஐந்து நாள் பூசச் சொல்கிறார்கள்.

ஆனால் காய்ச்சல் கண்டாலோ, மாடு தீனி எடுக்காவிட்டாலோ, காம்பு நீலம் பாய்ந்து சில்லிட்டாலோ அரைத்துக் கொண்டு உட்காராதீர்கள். உடனே டாக்டரிடம் போக வேண்டும். வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி நகரத்துக்குள்ளேயே இருக்கிறது.

ஊசி போட்ட மாட்டுப் பால்

பால் வாங்குவோருக்கும் இதில் ஒரு சங்கதி இருக்கிறது. மடிநோய்க்கு ஊசி போட்டாலும், காம்பு வழியே மருந்து ஏற்றினாலும் டாக்டர் சொல்லும் நாள் வரை அந்தப் பாலை விற்கக் கூடாது. கொட்டத்தான் வேண்டும். வயிறெரிந்து கொண்டு சிலர் சொம்பில் கலந்து விடுகிறார்கள். காய்ச்சினாலும் மருந்து முழுவதும் போய் விடாது. அது தயிர் உறையும் நல்ல கிருமியையும் கொன்று விடும்.

குளிர் காலமுமில்லை, உறையும் சரியாகத்தான் ஊற்றினோம், காலையில் பார்த்தால் பால் பாலாகவே நிற்கிறது என்றால் பால்காரரிடம், "என்னப்பா, மாட்டுக்கு ஊசி போட்டியா?" என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.