கறுத்த திரையும் பிரிவு 65அ-வும்: ஓடிடி காலத்தில் ஆய்வாளரின் மேற்கோள் உரிமை

முன்னுரை

திரைப்பட ஆய்வாளர் ஒருவர் ஓடிடி தளத்தில் பார்க்கும் படத்தின் ஒரு காட்சியை ஆய்வேட்டில் சான்றாகக் காட்ட எண்ணித் திரைப்பிடிப்பு எடுக்கிறார். பல வேளைகளில் அவருக்குக் கிடைப்பது கறுப்புச் செவ்வகமே. அடியில் துணைத்தலைப்பு வரி மட்டும் தெளிவாக நிற்கும். கணினியின் பழுது எனக் கருதி உலாவியை மாற்றிப் பார்ப்போரும் உண்டு. அங்குப் பழுது ஏதும் இல்லை. பதிப்புரிமைக் கொள்கையொன்று கருவிக்குள் புகுந்து தன் வேலையைச் செய்துள்ளது. சட்டம் அனுமதிக்கும் மேற்கோளைக் கருவி மறுக்கும் இந்நிலையை இக்கட்டுரை விளக்குகிறது.

பூட்டின் இயக்கம்

ஓடிடி தளங்கள் வணிகத் திரைப்படங்களைப் பெரும்பாலும் மறையாக்கம் செய்தே அனுப்புகின்றன. அதற்குரிய திறவுகோலைப் பயனரின் கருவியிலுள்ள மறைவிலக்கக் கூறு தளத்தின் உரிம வழங்கியிலிருந்து பெறுகிறது. கூகுளின் வைட்வைன், மைக்ரோசாஃப்டின் பிளேரெடி, ஆப்பிளின் ஃபேர்பிளே ஆகியன இத்தகைய எண்ணிம உரிமை மேலாண்மை அமைப்புகளாகும். வைட்வைனின் முதல் நிலையில் மறைவிலக்கம் செயலியின் தனித்த காப்புப் பகுதிக்குள் நிகழ்கிறது. மூன்றாம் நிலையில் மென்பொருள் மட்டுமே காவல். ஆதலின் மூன்றாம் நிலைச் சான்று மட்டுமே பெற்ற கைப்பேசிக்குப் பல தளங்கள் உயர்தெளிவுப் படத்தை அனுப்புவதில்லை. முழுக் கட்டணம் செலுத்தியவரோ இணைய வேகத்தைக் குறைகூறுகிறார். வகுப்பறையில் நிகழ்வதும் இதுவே. எச்.டி.சி.பி. என்னும் இணைப்புக் காப்பு எச்.டி.எம்.ஐ. வடத்தின் இரு முனைகளிலும் இசையாவிடில் படம் தடைபடும். பழைய வி.ஜி.ஏ. புரொஜெக்டர்களுக்கு அக்காப்பை உணரும் ஆற்றலே இல்லை.

2017 செப்டம்பர் 18 அன்று உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, இப்பூட்டுகளை உலாவியோடு இணைக்கும் 'மறையாக்க ஊடக நீட்சிகள்' என்னும் தரநிலையை ஏற்றது. வாக்கெடுப்பில் 108 உறுப்பினர் ஆதரித்தனர். 57 பேர் எதிர்த்தனர். 20 பேர் ஒதுங்கி நின்றனர். சட்டப்படியான நோக்கத்திற்காகப் பூட்டைக் கடப்போர்மீது வழக்குத் தொடுப்பதில்லை என்னும் உறுதிமொழியை உறுப்பினர்களிடம் பெற வேண்டுமென மின்னணு எல்லை அறக்கட்டளை வலியுறுத்தியிருந்தது. அக்கோரிக்கை ஏற்கப்படாமையால் அவ்வமைப்பு அன்றே விலகியது.

பிரிவு 65அ

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 இவ்வகையில் பல நாட்டுச் சட்டங்களினும் நெகிழ்வானது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட பிரிவு 65அ, தொழில்நுட்பக் காப்பை உடைப்பதற்கு ஈராண்டு வரை சிறையும் தண்டமும் விதிக்கிறது. ஆனால் உரிமையை மீறும் நோக்கம் இருந்தால்தான் அது குற்றமாகும். சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்யாத நோக்கத்திற்காகக் காப்பைக் கடப்பதை உட்பிரிவு 2 அனுமதிக்கிறது. அமெரிக்கச் சட்டத்தின் பிரிவு 1201 (1998) இதற்கு மாறானது. அங்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை விலக்குக் கேட்டுப் பெறவேண்டும். திரைப்படத்துறைப் பேராசிரியர்கள் வகுப்பறைப் பயன்பாட்டிற்கென அதனை முதன்முதலில் பெற்றது 2006இல்தான்.

பிரிவு 52 ஆராய்ச்சிக்கும் திறனாய்வுக்குமான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது; ஆசிரியரும் மாணவரும் கற்பித்தலின் போக்கில் படியெடுப்பதையும் அனுமதிக்கிறது. தில்லிப் பல்கலைக்கழக ஒளிநகல் வழக்கில் தில்லி உயர்நீதிமன்றம் 2016இல் இவ்விதிவிலக்கிற்கு விரிவான பொருள் கண்டது. ஆயினும் அவ்வழக்கில் நூல் கையில் இருந்தது. ஒளிநகல் பொறி கடையில் இருந்தது. ஓடிடி படத்திற்கு அத்தகைய பொறி இல்லை. காப்பைக் கடக்கப் பிறருக்கு உதவுபவர், உதவி பெறுபவரின் பெயர், முகவரி, நோக்கம் ஆகியவற்றை முழுமையாகப் பதிந்துவைக்க வேண்டும் எனப் பிரிவு 65அ நிபந்தனை விதிக்கிறது. அத்தகைய பதிவேட்டோடு இப்பணியை ஏற்க எந்த நூலகம் முன்வரும்? பூட்டைத் திறந்து தருமாறு உரிமையாளரைப் பணிக்கும் விதியும் இச்சட்டத்தில் இல்லை. சட்டம் அனுமதியைத் தந்து வழியைத் தராது விட்டுள்ளது என்பதே இதன் பெருங்குறை.

ஐரோப்பிய ஒன்றியம் இக்குறையைக் கண்டு ஓரளவு திருத்திக்கொண்டது. 2001ஆம் ஆண்டு நெறியாணை விதிவிலக்குப் பயனாளிகளுக்கு வழி செய்யப் பணித்தும், ஒப்பந்தத்தின்வழி வேண்டியபோது பெறும் படைப்புகளை, அதாவது ஓடிடி வகையை, அதிலிருந்து நீக்கியிருந்தது. கற்பித்தல், தரவு அகழ்வு, பண்பாட்டு மரபுக் காப்பு ஆகியவற்றைப் பொறுத்தவரை அந்நீக்கம் 2019ஆம் ஆண்டு நெறியாணையில் இடம்பெறவில்லை.

சான்றின் இருப்பிடம்

'சூரரைப் போற்று' 2020 நவம்பரில் திரையரங்கிற்குச் செல்லாமல் நேரடியாக ஓடிடியில் வெளிவந்தது. தமிழ்நாட்டில் அச்சாகும் நூலின் படியொன்று 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னைக் கன்னிமாரா நூலகத்தைச் சேர வேண்டும். அச்சட்டத்தின் எல்லைக்குள் ஓடிடி படங்கள் வாரா. எனவே ஆய்வாளர் காட்சியின் மணி, நிமிடம், நொடி ஆகியவற்றைக் குறித்து அடிக்குறிப்பு எழுதுகிறார். தளம் படத்தை மறுதொகுப்புச் செய்தாலோ உரிமக் காலம் முடிந்து நீக்கினாலோ, ஆய்வேட்டைச் சரிபார்க்கும் புறத்தேர்வாளருக்கு அந்நொடியில் வேறொரு காட்சி இருக்கும். அல்லது படமே இராது.