பள்ளத்துக்கு யார் பொறுப்பு?

பெங்களூர் சாலைக் குழிகளில் விழுபவர்களுக்கு நஷ்டஈடு உண்டு. பணம் யார் பையிலிருந்து போகிறது என்பதுதான் கேள்வி.

மழை பெய்த மறுநாள் பெங்களூரில் ஸ்கூட்டர் ஓட்டுபவருக்கு, தேங்கிய தண்ணீருக்கு அடியில் இருப்பது சாலையா பள்ளமா என்பது விழுந்த பிறகுதான் தெரியும். லாரி மோதியிருந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்கலாம். பள்ளத்துக்கு ஏது இன்ஷூரன்ஸ்?

2019 ஜூலை 31 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது. நல்ல சாலை என்பது குடிமக்களின் அடிப்படை உரிமை. குழியில் விழுந்து அடிபட்டால் மாநகராட்சி நஷ்டஈடு தர வேண்டும் என்றது தலைமை நீதிபதி அபய் ஓகா தலைமையிலான பெஞ்ச். சட்டத்தில் அதற்கு இடமில்லை என்ற மாநகராட்சியின் வாதம் எடுபடவில்லை.

நஷ்டஈட்டுக்கு இரண்டு வேலைகள். அடிபட்டவருக்கு ஆறுதல் தருவது ஒன்று. அடுத்த விபத்தைத் தடுப்பது இன்னொன்று. மூழ்கிப்போன ஒரு படகு பற்றிய வழக்கில் அமெரிக்க நீதிபதி லேர்னட் ஹேண்ட் 1947-ல் ஒரு கணக்கு சொன்னார்: விபத்துக்கான வாய்ப்பையும் அதனால் வரும் இழப்பையும் பெருக்கிப் பாருங்கள், தடுக்க ஆகும் செலவு அதைவிடக் குறைவாக இருந்தும் தடுக்காமல் விட்டால் அது கவனக்குறைவு. மிகக் குறைந்த செலவில் யாரால் தடுக்க முடியுமோ அவரிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்றார் சட்ட அறிஞர் கிடோ கலப்ரேசி.

குழி விஷயத்தில் அவர் ஸ்கூட்டர்காரர் அல்ல. கொஞ்சம் ஜல்லியும் தாரும் போட்டு மூடக்கூடிய என்ஜினியரும் கான்ட்ராக்டரும்தான். ஆனால் மாநகராட்சி தரும் நஷ்டஈடு மக்களின் வரிப்பணம். விழுந்தவரும் அதில் பங்கு கட்டியவர்! சாலை போட்டவருக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. பிறகு ஏன் குழியை மூடப் போகிறார்?

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், தரமற்ற சாலையால் உயிர் போனால் பொறுப்பானவருக்கு அபராதம் விதிக்கிறது. உச்சவரம்பு ஒரு லட்சம் ரூபாய். கோடிகளில் கான்ட்ராக்ட் எடுப்பவருக்கு இது சில்லறைக் காசு. 2022-ல் மட்டும் நாடு முழுவதும் சாலைக் குழிகளால் இறந்தவர்கள் 1,856 பேர்.

2025 அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. குழியால் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு ஆறு லட்சம் ரூபாய். அதைப் பொறுப்பான அதிகாரிகளிடமும் கான்ட்ராக்டர்களிடமும் வசூலிக்க வேண்டும் என்றது.

இதிலும் ஆபத்து உண்டு. சொந்தப் பணம் போகும் என்றால் நேர்மையான அதிகாரிகூடக் கையெழுத்திடத் தயங்குவார். கான்ட்ராக்டரின் டெபாசிட்டைப் பராமரிப்புக் காலம் முடியும்வரை பிடித்துவைத்து, அதிலிருந்தே நஷ்டஈட்டைக் கழிப்பது சுலபமான வழி.

2025 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தது. ஒவ்வொரு சாலையிலும் அதைப் போட்டவர் பெயரையும் பொறுப்புக் காலத்தையும் எழுதிவைக்க இது நல்ல தருணம். இல்லாவிட்டால், 'குழி எங்கள் எல்லையில் இல்லை' என்று கைகழுவ இனி ஐந்து அலுவலகங்கள் இருக்கும்.