வெள்ளம் வடிந்தபின் எழும் வழக்குகள்

பூந்தமல்லிக்கு அப்பாலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி 24 அடி உயரத்துக்கு 3,645 மில்லியன் கன அடி நீரைத் தேக்கக்கூடியது. சென்னையின் குடிநீர் ஆதாரங்களுள் ஒன்றான இதன் உபரி நீர் அடையாற்றில் சேர்கிறது. 2015 டிசம்பர் 1 காலை தொடங்கி 24 மணி நேரத்தில் இங்கு ஏறத்தாழ 47 செ.மீ. மழை கொட்டியதும், ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்டதும், வந்தது இயற்கைச் சீற்றமா அல்லது நிர்வாகத் தவறா என்ற நீண்ட விவாதத்தைக் கிளப்பின. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை அதை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே குறித்தது. ஆனால், ஆற்றை ஒட்டிய திருமுடிவாக்கம் போன்ற தொழிற்பேட்டைகளில் இயந்திரங்களும் சரக்கும் நீரில் மூழ்கிய உரிமையாளரின் கேள்வி வேறு: பாலிசியில் பணம் கிடைக்குமா, எவ்வளவு கிடைக்கும், மறுத்தால் எங்கே முறையிடுவது? இக்கேள்விகளைக் கையாள்வதே இடர் மேலாண்மை, காப்பீட்டு வழக்கு ஆலோசகரின் தொழில்.

இவரைச் சர்வேயரோடும் வழக்கறிஞரோடும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சர்வேயர் என்பவர், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் பெற்று, 1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 64யூஎம் பிரிவின்படி இழப்பை நேரில் ஆய்ந்து மதிப்பிடுபவர்; அவரை நியமிப்பது காப்பீட்டு நிறுவனம். வழக்கறிஞர் வழக்கை நடத்துபவர். ஆலோசகரோ, சேற்றுத் தடத்தையும் பேரேட்டையும் பாலிசியின் சொற்களோடு பொருத்திப் பார்த்து, கோரிக்கை நிற்குமா நிற்காதா என்று எந்தத் தரப்புக்கும் எடுத்துச்சொல்பவர். தேவைப்பட்டால் 2023ஆம் ஆண்டு பாரதிய சாட்சிய சட்டத்தின் 39ஆம் பிரிவின்கீழ் நிபுணர் என்ற முறையில் சாட்சியமும் அளிப்பவர்.

அவரது கண்ணோட்டத்தின் தனித்தன்மைக்கு 2015 வெள்ளமே சான்று. தீ மற்றும் சிறப்பு அபாயங்களுக்கான பாலிசி புயல், வெள்ளம், நீர்ப்பெருக்கு ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதால், நீர் மழையால் வந்ததா, ஏரி திறப்பால் வந்ததா என்பது பாலிசிதாரர் பணம் பெறுவதற்குப் பெரும்பாலும் தடையாவதில்லை; பிரீமியத்தைக் குறைப்பதற்காக அந்த அபாயங்களை அவரே பாலிசியிலிருந்து விலக்கச் சொல்லியிருந்தாரா என்பதே முதலில் பார்க்கப்படும். தவறு யாருடையது என்ற கேள்வி பின்னர்தான் முக்கியமாகிறது. இழப்பீடு கொடுத்து முடித்த நிறுவனத்துக்கு, பாலிசிதாரரின் இடத்தில் நின்று, தவறு செய்தவரிடமிருந்து அத்தொகையைக் கேட்கும் உரிமை உண்டு. பதிலுரிமை எனப்படும் அதைப் பயன்படுத்த முனையும்போது, நீர் வந்த காரணத்தை நிரூபிக்கும் சுமை அந்நிறுவனத்தின்மேல் விழுகிறது.

பணம் குறைவதற்கு அடிக்கடி காரணமாவது 'ஆவரேஜ்' எனப்படும் குறைகாப்பீட்டு விதியாகும். 80 லட்சம் ரூபாய் மதிப்புள்ள சரக்கு 60 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்யப்பட்டு, அதில் 40 லட்ச ரூபாய்ச் சரக்கு நனைந்துபோனால், மதிப்பில் நான்கில் மூன்று பங்கே காப்பீடாகியிருப்பதால் இழப்பிலும் நான்கில் மூன்று பங்கு, அதாவது 30 லட்சமே கணக்கில் வரும். பாலிசிதாரரே ஏற்க வேண்டிய 'எக்ஸஸ்' தொகை அதிலும் கழிக்கப்படும். சிறு தொழில்களுக்காக 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா பாலிசி 15 சதவீதம் வரையிலான குறைவைப் பொருட்படுத்துவதில்லை. இந்த எடுத்துக்காட்டிலோ குறைவு 25 சதவீதம். கடன் வாங்குவதற்காக வங்கியிடம் காட்டிய சரக்குப் பட்டியலும், ஜிஎஸ்டி கணக்கும், கிடங்கிலிருந்த சரக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் சிக்கல் இன்னும் பெருகும்.

ஆகவே ஆலோசகரின் பணி மழைக்கு முன்பே தொடங்குகிறது. முந்தைய வெள்ளம் சுவரில் விட்ட தடத்தின் உயரத்தை அளந்து, மின்பலகையையும் விலையுயர்ந்த சரக்கையும் அதற்கு மேலே ஏற்றச் சொல்வதும், காப்பீட்டுத் தொகையை இன்றைய மதிப்புக்கு உயர்த்தச் சொல்வதும், கணக்குப் புத்தகங்களின் நகலை வேறிடத்தில் வைக்கச் செய்வதும் அவரது வேலைகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டை மீண்டும் நீரில் மூழ்கியதை நினைத்தால் இவற்றின் அவசியம் விளங்கும். வெள்ளம் வடிந்தபின், சர்வேயர் வருமுன் சேற்றைக் கழுவிவிடாமல் அடுக்கடுக்காகப் படமெடுத்து, நனைந்ததையும் நனையாததையும் பிரித்துப் பட்டியலிடச் செய்வார். நீர் சூழ்ந்த காரைக் கிளப்பிப் பார்க்க வேண்டாம் என்றும் எச்சரிப்பார். நீர் புகுந்த இன்ஜினை இயக்கியதால் நேர்ந்த சேதம் வெள்ளத்தின் நேரடி விளைவன்று என்று, இன்ஜின் பாதுகாப்புக் கூடுதல் பாலிசி இல்லாத நிலையில், நிறுவனம் மறுக்கக்கூடும்.

கோரிக்கை மறுக்கப்பட்டால், தனிநபர்களும் குறுந்தொழில்களும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் மாவட்ட, மாநில, தேசிய ஆணையங்களின் வரம்பு, கேட்கும் இழப்பீட்டைக் கொண்டல்லாமல் செலுத்திய தொகையைக் கொண்டே கணக்கிடப்படுவதால், பிரீமியம் 50 லட்சத்தைத் தாண்டாத வழக்கு, கோரிக்கை எத்தனை கோடியானாலும், மாவட்ட ஆணையத்திலேயே தொடங்கும். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் முறையிட வேண்டும். தொழில் நிறுவனம் தன் இழப்பை ஈடுசெய்ய எடுக்கும் பாலிசி லாபத்துக்கானதன்று என்பதால் அதுவும் நுகர்வோராக முறையிடலாம் என்று ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சர்வேயரின் அறிக்கை இறுதி வாக்கல்ல என்று பிரதீப் குமார் வழக்கில் 2009இல் அது ஏற்கெனவே தெளிவுபடுத்தியிருந்தது.

இத்துறைக்கு வருவோரில் பலர் காப்பீட்டு நிறுவனக் கிளைம் பிரிவிலோ, சர்வேயர் பணியிலோ, பொறியியல், கணக்கியல், சட்டத் துறைகளிலோ அனுபவம் பெற்றவர்கள். இந்தியக் காப்பீட்டுக் கழகம் நடத்தும் லைசென்ஷியேட், அசோசியேட், ஃபெலோஷிப் தேர்வுகள் அதற்கான அடித்தளத்தைத் தருகின்றன. படிப்பைவிட அரியது நடுநிலை. கட்டணம் தருபவரின் கோரிக்கை நிற்காது என்று அவரிடமே சொல்லத் தயங்குபவரின் கருத்தை ஆணையமும் மதிக்காது. கோரிக்கை நிற்காது என்பதை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுபவரோ, வாடிக்கையாளரைப் பல ஆண்டு வழக்கின் செலவிலிருந்து காப்பாற்றுகிறார்.