கானாவில் மின்சாரம் போன நாள்

2018 அக்டோபர் 2-ஆம் தேதி விண்டோஸ் 10-இன் புதிய பதிப்பை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. அதன் எண் 1809. அப்டேட் முடிந்து கணினியைத் திறந்த சிலருக்கு நெஞ்சு அடைத்தது. 'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டரில் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த படங்கள், கணக்குகள், எழுத்துகள் எதையும் காணோம். பதறிப்போய்ப் பழைய பதிப்புக்கே திரும்பினார்கள். விண்டோஸ் திரும்பி வந்தது, ஃபைல்கள் வரவில்லை.

டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை வழக்கமான இடத்திலிருந்து வேறு இடத்துக்கு மாற்றி வைத்தவர்கள்தான் சிக்கினார்கள். பழைய இடத்தில் மிஞ்சியிருந்ததை யாருக்கும் வேண்டாத வெற்று ஃபோல்டர் என்று எண்ணி அப்டேட் துடைத்துவிட்டது. அதற்குள் இன்னும் ஃபைல்கள் இருந்தன. சில நாட்களிலேயே அப்டேட்டை நிறுத்திவைத்த மைக்ரோசாஃப்ட், நிறுவியவர்களில் பத்தாயிரத்தில் ஒருவர் அளவுக்கே புகார் வந்தது என்றது. பிழையைத் திருத்தி நவம்பர் 13 அன்று மீண்டும் வெளியிட்டது.

இங்கே பலரும் நம்பியிருக்கும் 'சிஸ்டம் ரீஸ்டோர்' கைகொடுக்காது. அந்த வசதி செய்யும் வேலையே வேறு. 2000-இல் விண்டோஸ் எம்.இ.யுடன் வந்த அது, கணினி ஒழுங்காக ஓடிய ஒரு நாளின் நிலையைக் குறித்துவைக்கிறது. அந்தக் குறிப்புதான் ரீஸ்டோர் பாயின்ட். அதில் ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் அமைப்புகளின் பதிவேடு), டிரைவர்கள், விண்டோஸின் சொந்த ஃபைல்கள், நிறுவிய மென்பொருள்கள் அடங்கும். மகளின் பள்ளி ஆண்டுவிழா வீடியோ அடங்காது.

அதற்காக ரீஸ்டோர் பாயின்ட்டை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. புது பிரின்டரின் டிரைவரைப் போட்டதும் திரை நீலமாகி நின்றுவிட்டதா? நேற்றைய புள்ளிக்குப் போனால், பெரும்பாலும் அரை மணி நேரத்தில் கணினி எழுந்துவிடும். இதற்காக விண்டோஸை அடியோடு அழித்து மறுபடி போடுவது வீண் வேலை. பல கணினிகளில் இந்த வசதி அணைத்தே கிடக்கும் என்பதால், அது இயங்குகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

ஆனால் ரீஸ்டோர் பாயின்ட் குடியிருப்பது அதே ஹார்ட் டிஸ்க்கில். டிஸ்க் செத்தால் புள்ளியும் செத்தது. இடம் போதாவிட்டால் பழைய புள்ளிகளை விண்டோஸே கழித்துவிடும். விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பில் அவற்றின் ஆயுள் அதிகபட்சம் 60 நாள். பணயத் தொகை கேட்கும் வைரஸ்களுக்கும் இந்த இடம் நன்றாகத் தெரியும். 2017 மே மாதம் பிரிட்டன் மருத்துவமனைகளை முடக்கிய வானாக்ரை, ஃபைல்களைப் பூட்டியதோடு நிற்காமல், ரீஸ்டோர் பாயின்ட்டுகளுக்கு அடிப்படையான நிழல் நகல்களையும் அழித்தது.

முழு பேக்கப் என்பது டிஸ்க்கில் உள்ள அத்தனையையும் இன்னொரு டிஸ்க்கில் நகலெடுத்து வைப்பது. முதல் முறை சில மணி நேரம் பிடிக்கும். பிறகு மாறியதை மட்டும் சேர்த்துக்கொண்டே போகலாம். பழைய டிஸ்க் போனால் புதியதை மாட்டி, விண்டோஸ், மென்பொருள், படங்கள் எல்லாவற்றையும் அப்படியே இறக்கிவிடலாம். ஒன்றுக்குத்தான் நேரமும் பணமும் இருக்கிறது என்றால் பேக்கப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸ் எந்தக் கடையிலும் கிடைக்கும். அப்பாவின் கடைசிப் புகைப்படம் கிடைக்காது.

எடுத்து முடித்ததும் அந்த டிஸ்க்கைக் கழற்றி வைக்க வேண்டும். இந்தச் சிறு வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கணினியோடு எப்போதும் இணைந்திருக்கும் நகலுக்கு என்ன நேரும் என்பதை, டென்மார்க்கின் கப்பல் நிறுவனம் மெர்ஸ்க் 2017 ஜூன் 27-இல் கண்டது. உக்ரைனில் கிளம்பிய நாட்பெட்யா வைரஸ் அன்று அதன் வலையமைப்புக்குள் புகுந்தது. ஊழியர்களின் அனுமதிகளை ஆளும் டொமைன் கன்ட்ரோலர்கள் அந்த நிறுவனத்திடம் சுமார் 150 இருந்தன. ஒவ்வொன்றும் மற்றொன்றின் நகல், ஒன்று போனால் இன்னொன்று உண்டு என்பது ஏற்பாடு. எல்லாம் ஒரே வலையில் இருந்ததால் எல்லாமே சேர்ந்து போயின.

ஒன்று மட்டும் தப்பியது. கானா அலுவலகத்தில் தாக்குதலுக்கு முன்பே மின்சாரம் போயிருந்ததால், அங்கிருந்த கணினி வலையில் இல்லை. அதிலிருந்த தரவை இணையம் வழியே, மீட்புப் பணி நடந்த பிரிட்டனுக்கு அனுப்பப் பல நாள் ஆகும். கானா ஊழியர்களிடம் பிரிட்டன் விசாவும் இல்லை. ஒருவர் ஹார்ட் டிஸ்க்கோடு நைஜீரியாவுக்குப் பறந்து, விமான நிலையத்தில் இன்னொரு ஊழியரிடம் ஒப்படைத்தார். அவர் அதை லண்டனுக்குக் கொண்டுபோனார். பத்தே நாளில் மெர்ஸ்க் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் மறுபடி நிறுவி முடித்தது.