பிறவி இதயக் குறை: அறுவை சிகிச்சைக்கு உரிய காலம்

உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 8 பேருக்கு இதயத்தில் ஏதேனும் பிறவிக் குறை இருக்கிறது என்றாலும், அவர்கள் அனைவருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. தேவைப்படுவோருக்கும் அதன் காலம் வயதையும் எடையையும் மட்டும் பார்த்துக் குறிக்கப்படாமல், அந்தக் குறை இதயத் தசையையும் நுரையீரல் நாளங்களையும் எவ்வாறு மாற்றிவருகிறது என்பதைப் பார்த்தே குறிக்கப்படுகிறது.

பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் தம்முள் இடம் மாறி அமைந்த இதயத்தில், உடலிலிருந்து திரும்பும் ஆக்சிஜன் குறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போகாமல் மீண்டும் உடலுக்கே செல்வதால், குழந்தை பிறந்த சிறிது நேரத்திலேயே நீலம் பாரிக்கிறது. கருவில் திறந்திருந்து பிறந்தபின் தானே மூடிக்கொள்ளும் இணைப்பு நாளத்தைப் புரோஸ்டாகிளாண்டின் மருந்தால் திறந்து வைத்துச் சில நாள்கள் சமாளிக்கலாம். ஆனால் நுரையீரலின் அழுத்தம் குறையக் குறைய, அதற்கு இரத்தம் அனுப்பும் இடது கீழறை வேலை குறைந்து மெலிந்துவிடுகிறது. பிறகு இரு தமனிகளையும் உரிய இடத்துக்கு மாற்றினாலும், உடல் முழுவதற்கும் இரத்தம் செலுத்தும் வலு அதற்கு இராது. ஆகவே பிறந்த முதல் இரண்டு, மூன்று வாரங்களே இவ்வறுவைக்கு உகந்தவை. பிரேசில் அறுவை மருத்துவர் அடிப் ஜட்டேனே 1975இல் இதில் முதல் வெற்றி கண்ட குழந்தைக்குக் கீழறைச் சுவரில் ஓட்டையும் இருந்தது. அந்த இரண்டாவது குறையே இடது கீழறையின் வலுவைக் காத்து நின்றது என்பது மருத்துவ வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

மேலறைச் சுவர் ஓட்டைக்கு இத்தகைய அவசரம் பெரும்பாலும் இல்லை. பள்ளிக்குச் செல்லும் வயது நெருங்கும்வரை பொறுத்திருக்கலாம்.

கீழறைச் சுவர் ஓட்டையே பெற்றோரை மிகவும் குழப்புவது. சிறிய ஓட்டைகள் பலவும் தாமாகவே மூடிக்கொள்கின்றன. பெரிய ஓட்டையோ, முதல் சில வாரங்கள் அடங்கியிருந்து, பின்னர் மூச்சிரைப்பாகவும், பால் குடிக்கையில் வியர்ப்பதாகவும், எடை ஏறாமையாகவும் வெளிப்படுகிறது. இந்நிலையில், எடை கூடட்டும் என்று காத்திருப்பது நல்லெண்ணத்தில் எழுந்தாலும் பிழையான யோசனையே. எடை ஏறாததற்கு அந்த ஓட்டைதான் காரணம். மருந்தால் சமாளித்து 3 முதல் 6 மாதங்களுக்குள் ஓட்டையை அடைப்பதே பொதுவான வழக்கம். நெடுங்காலம் தாமதித்தால், மிகுந்த அழுத்தத்தில் பாயும் இரத்தத்தால் நுரையீரல் நாளங்கள் தடித்துச் சுருங்கத் தொடங்குகின்றன. அதனால் நுரையீரலுக்குப் பாயும் மிகை இரத்தம் குறைந்து மூச்சிரைப்பும் தணிவதால், குழந்தை தேறிவிட்டதாகவே வீட்டார் எண்ணிக்கொள்கின்றனர். டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளிடம் இம்மாற்றம் இன்னும் விரைவாக நேர்கிறது. அது முற்றி, இரத்தம் எதிர்த்திசையில் வலமிருந்து இடமாகப் பாயும் நிலை, 1897இல் அதை விவரித்த விக்டர் ஐசன்மெங்கரின் பெயராலேயே வழங்குகிறது. அந்நிலையில் வலது கீழறையின் அழுத்தம் தணிய அந்த ஓட்டையே வடிகாலாக இருப்பதால், அதை அடைப்பது உயிருக்கே ஆபத்தாக முடியும்.