சீவரம்: புத்த பிக்குகளின் ஆடையும் அதன் பொருளும்

புத்த பிக்குகளின் ஆடையை 'மஞ்சளாடை' என வழங்குவது பொதுவழக்கு. ஆனால் அவ்வாடையின் பொருள் நிறத்தில் தொடங்கவில்லை, துணியில் தொடங்குகிறது. பாலி மொழியிலுள்ள வினயபிடகம் இவ்வாடையைச் 'சீவரம்' என்றழைக்கிறது. தொடக்ககாலத் துறவியர் குப்பைமேட்டிலும் சுடுகாட்டிலும் கிடந்த கந்தைகளைப் பொறுக்கி, கழுவித் தைத்து உடுத்தினர். பின்னர் மருத்துவர் ஜீவகர் உயர்ந்த துணியொன்றைப் புத்தருக்கு அளித்து வேண்டிக்கொண்டதன் பேரில், இல்லறத்தார் தரும் துணியை ஏற்கவும் அனுமதி வழங்கப்பட்டது என்று மகாவக்கம் கூறுகிறது.

எனினும் புதுத்துணியை அப்படியே உடுத்தலாகாது. அதனைத் துண்டுகளாக வெட்டி மீண்டும் தைத்தல் வேண்டும். மகத நாட்டு வயல்களின் வரப்புகளைக் காட்டி, அவ்வடிவில் ஆடை அமைக்குமாறு புத்தர் ஆனந்தரிடம் கூறினார் என்பது மரபு. வெட்டுண்ட துணியைக் கள்வரும் விரும்பார். கந்தையின் நினைவும் அதில் நிலைத்திருக்கும். கீழாடை, மேலாடை, இரட்டைப் போர்வை ஆகிய மூன்றுமே துறவிக்குரியவை.

நிறத்திற்கும் இதே நோக்கமுண்டு. வேர், மரம், பட்டை, இலை, பூ, காய் ஆகிய ஆறிலிருந்து எடுக்கும் சாயங்கள் அனுமதிக்கப்பட்டன. முழு நீலம், முழுச் சிவப்பு, முழுக் கறுப்பு ஆகியவற்றோடு முழு மஞ்சளும் விலக்கப்பட்டது! 'காஷாயம்' என்னும் சொல் துவர்ப்பையும் மங்கிய செந்நிறத்தையும் குறிக்கும். தமிழில் வழங்கிய 'துவராடை' என்பதும் அத்தகையதே. இன்று இலங்கையிலும் தாய்லாந்திலும் காவி முதல் பழுப்பு வரையும், மியான்மரிலும் திபெத்திலும் கருஞ்சிவப்பும், கொரியாவில் சாம்பலும், ஜப்பானில் கறுப்பும் மிகுதியாகக் காணப்படுகின்றன. தாய்லாந்தின் வனத்துறவியர் பலாமரத்தின் வைரத்தைக் காய்ச்சிச் சாயமெடுப்பர். ஆகவே, நிறத்திற்கு ஒரே மறைபொருளைத் தேடுவது பொருந்தாது. அந்தந்த நாட்டில் கிடைத்த சாயமும், தட்பவெப்பமும், குருமரபுமே நிறவேறுபாட்டிற்குப் பெரிதும் காரணமாயின.

ஆடை மட்டும் துறவியை ஆக்காது என்பதைப் பௌத்தமே வலியுறுத்துகிறது. பாலி மொழியில் காவியாடையையும் அகக்கறையையும் ஏறத்தாழ ஒரே ஒலியுடைய சொற்கள் குறிக்கும். அவ்விரு பொருளையும் இணைத்து, கறை நீங்காதவர் அவ்வாடைக்குத் தகுதியற்றவர் எனத் தம்மபதம் கடிந்துரைக்கிறது.

இவ்விடத்தில் நாம் இரண்டையும் ஒன்றெனக் குழப்புதல் கூடாது. பிக்கு, உலகம் எறிந்த கந்தையைத் தாமே எடுத்து உடுத்துகிறார். சகரியா கண்ட தரிசனத்திலோ, பிரதான ஆசாரியனாகிய யோசுவாவின் அழுக்கு வஸ்திரம் களையப்பட்டு, சிறந்த வஸ்திரம் அவனுக்கு அருளப்படுகிறது. முன்னது பயிற்சி, பின்னது கிருபை. ஆயினும் கிருபையின் அடையாளமாக அங்கி தரிக்கும் நாம், அதனைப் பதவியின் அடையாளமாக மாற்றிவிடும்போது, சந்தையில் விலைபோகாத அந்தத் தைத்த துணி நம்மை நியாயமாகவே கேள்வி கேட்கிறது.