கணினிக் கொள்கலன்களும் கட்டளை வரியும்

(பழைய மாணவன் ஒருவன்)

திருக்கோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தையும் அடக்கத்தையும் இம்மலரைப் படிப்போர்க்கு எடுத்துரைத்தல் வேண்டா. எனினும், இயற்கை அளித்த இத்துணைப் பெருந்துறைக்குக் கொள்கலன் கப்பல்கள் வருதல் அரிது. அவை கொழும்பையே நாடிச் செல்கின்றன. நம் துறையிற் கோதுமையும் சீமெந்துக்குரிய மூலப்பொருளும் எண்ணெயும் மொத்தமாகவே வந்திறங்குகின்றன. ஆதலின், கொள்கலன் என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் நம்மூர் இளைஞன் ஒருவன் கடலை நினையாது கணினியை நினைப்பானாயின் அவனைக் குறைகூறல் ஆகாது. கணினிக்குள் அமையும் அக்கொள்கலன்கள் யாவை, பலர் கூடிப் பயிலும் இடத்தில் ஒவ்வொருவர்க்கும் ஒரு பணிக்களமாக அவற்றை எங்ஙனம் அமைத்து ஆளலாம் என்பவற்றை நான் பட்டறிந்த அளவில் இங்கு எழுதுகின்றேன்.

1956 ஆம் ஆண்டு ஏப்பிரல் 26 ஆம் நாள் 'ஐடியல் எக்ஸ்' என்னுங் கப்பல் 58 பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவின் நியுவார்க்குத் துறையினின்று ஹியூஸ்ரனுக்குப் புறப்பட்டது. அதனை அனுப்பியவர் மல்கம் மக்லீன் என்னும் பார ஊர்தி முதலாளி. அதற்கு முன்னர் மூடை வேறு, பீப்பாய் வேறு, இயந்திரம் வேறாக ஒவ்வொன்றையும் ஆட்கள் தூக்கி அடுக்குவர். பெட்டி வந்தபின், உள்ளே இருப்பது தேயிலையோ தையற்பொறியோ என்று பாரந்தூக்கி அறிய வேண்டுவதில்லை. பெட்டியின் அளவும் பிடிமூலையும் ஒன்றாயிருத்தலே போதும். கணினி நிரலுக்கும் இதுவே நேர்ந்தது. ஒரு நிரல் தனக்கு வேண்டிய துணைநிரல்கள் யாவற்றையும் தன்னோடு ஒரு பெட்டியுள் அடைத்துக்கொண்டு வருமாயின், அதனை இயக்குங் கணினி உள்ளிருப்பதை அறிய வேண்டுவதில்லை. 2013 மார்ச்சு மாதத்தில் வெளிவந்து இம்முறையை உலகெங்கும் பரப்பிய கருவிக்கு 'டொக்கர்' என்று பெயர். துறைமுகத் தொழிலாளி என்பது அதன் பொருள். அதன் சின்னமோ பெட்டிகளைச் சுமந்து செல்லும் ஒரு திமிங்கிலம். சுவாமி மலையில் நின்று கடலிலே திமிங்கிலத்தைத் தேடிய நமக்கு இவ்விரண்டும் அந்நியமல்ல.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. திருக்கோணமலை இந்துக் கல்லூரியில் அதிபராய் விளங்கிய விபுலானந்த அடிகள் 1936 இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அவர் பெயர் வழங்கும் இடத்தில் இருந்துகொண்டு அயன்மொழிச் சொற்களை வாரி இறைக்க மனம் ஒப்பவில்லை. கட்டளைகளின் பெயர்களை மட்டும் உள்ளவாறே எழுதுவேன். கணினி அவற்றை மொழிபெயர்த்தால் ஏற்காது.

டொக்கர் வெறுவெளியிற் பிறந்ததன்று. 1979 இல் வெளியான யுனிக்சின் ஏழாம் பதிப்பிலேயே ஒரு நிரலுக்குக் கோப்பகத்தின் ஒரு பகுதியை மட்டுங் காட்டி எஞ்சியதை மறைக்கும் ஏற்பாடு இருந்தது. 2000 இல் 'பிரீபிஎஸ்டி' அதனை வலுப்படுத்திச் 'சிறை' என்றே பெயரிட்டது. லினக்சில் இரண்டு வசதிகள் சேர்ந்து கொள்கலனை ஆக்கின. ஒன்று, ஒவ்வொரு கூட்ட நிரல்களுக்கும் தனித்த பெயர்வெளியை அளிப்பது. அதனுள் இருப்பவர் தம் நிரல்களையே காண்பர், அயலார் நிரல்கள் அவர் கண்ணிற் படா. மற்றையது, நினைவகமும் செயலியும் இன்னார்க்கு இவ்வளவே என அளந்து கொடுப்பது. கூகிள் நிறுவனப் பொறியியலாளர் தொடங்கிய இவ்வேலை 2008 தொடக்கத்தில் லினக்சின் கருவுட் சேர்ந்தது. ஆகவே கொள்கலன் தனிக் கணினியன்று. எல்லாக் கொள்கலன்களும் அடியில் ஒரே கருவையே பயன்படுத்துகின்றன. இதனை மறத்தலாகாது, பின்னர் இதற்கு மீள்வேன்.

இனி, இவை எற்றுக்கு? நான் சில ஆண்டுகள் வேறோர் ஊரில் ஒரு கல்வி நிலையத்தின் கணினி அறையைப் பார்த்துக்கொண்டேன். பெரிய கணினி ஒன்று. அதனைத் தத்தம் மேசையிலிருந்து பயன்படுத்தும் மாணாக்கர் நாற்பதின்மர். ஒருவன் தன் ஆய்வுக்குப் பைதன் மொழியின் புதிய துணைநிரல் வேண்டுமென்பான். அதனை நிறுவியவுடன், பழையதை நம்பியிருந்த வேறொருத்தியின் நிரல் நின்றுவிடும். பிறிதொருவன், தன்னைத்தானே முடிவின்றிப் பெருக்கும் நிரலொன்றை விளையாட்டாக எழுதி இயக்கினான். அன்று மாலைவரை எவர்க்குங் கணினி கிட்டவில்லை. குற்றஞ் செய்தவன் ஒருவன். தண்டனை பெற்றவர் முப்பத்தொன்பதின்மர்.

சீனக்குடாவின் காட்டிடையே 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்பதை நாம் அறிவோம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் கொள்ளும். 1942 ஏப்பிரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் நம்மூரைத் தாக்கியபோது தாங்கியொன்று எரிந்தழிந்தது. இடம்விட்டு அமைந்த மற்றைத் தாங்கிகளை அத்தீ உண்ணவில்லை. எண்ணெய் முழுவதும் ஒரே தாங்கியில் இருந்திருப்பின் நேர்ந்திருக்கக் கூடியதை வாசகரே எண்ணிக்கொள்வாராக. என் கணினி அறையோ அவ்வாறு ஒரே தாங்கியாய் இருந்தது.

மூன்று பெயர்களை விளங்கிக்கொண்டாற் போதும்: படிமம், கொள்கலன், பெட்டகம். புவியியல் வகுப்பிலே அச்சிட்ட படத்தின்மேல் எண்ணெய்த்தாளை விரித்து ஆறுகளையும் மலைகளையும் வரைந்ததை நினைவு கூர்க. அடியிலுள்ள படம் ஒன்றே. அதில் எவரும் எழுதுவதில்லை. அதுவே படிமம். அதன்மேல் விரித்த தாளே கொள்கலன். ஒவ்வொரு மாணாக்கனும் தன் தாளில் விரும்பியவாறு கிறுக்கலாம், அடிப்படம் மாசுபடாது. 2 கிகாபைற்று அளவுள்ள படிமத்தின்மேல் நாற்பது கொள்கலன்களை விரித்தாலும் 80 கிகாபைற்று இடம் வேண்டுவதில்லை. அவரவர் மாற்றியது மட்டுமே தனி இடம் பிடிக்கும். ஆனால் தாளைக் கிழித்தெறிந்தால் அதில் வரைந்ததும் அதனோடு போம். போகாதிருக்க வேண்டியதைப் பெட்டகத்தில் வைத்தல் வேண்டும். பெட்டகம் கொள்கலனுக்கு வெளியே தனியாக இருப்பது. கொள்கலன் அழிந்தாலும் அது நிற்கும்.

இவற்றை ஆளுங் கருவிகளுள் டொக்கரும், 'றெட் ஹற்' நிறுவனத்தார் ஆக்கிய 'பொட்மன்' என்பதும் பெயர் பெற்றவை. இரண்டின் கட்டளைகளும் பெரும்பாலும் ஒத்தவை. சுட்டெண் 17 உடைய மாணாக்கனுக்குக் களம் அமைப்பதாகக் கொள்வோம். 'பொட்மன் வொலியூம் கிரியேற்' என்று தட்டெழுதி 'வீடு17' என்னும் பெயரைத் தொடரவிட்டால் அவனுக்கு ஒரு பெட்டகம் உண்டாகும். அடுத்து 'பொட்மன் ரன்' என்னுங் கட்டளை. அதனோடு 'களம்17' என்ற பெயரையும், வீடு17 என்னும் பெட்டகத்தை அவனது இல்லக் கோப்பகத்தில் இணைக்குமாறும், நினைவகம் 1 கிகாபைற்று எனவும், ஒரே வேளையில் ஓடும் நிரல்கள் 200 எனவும், இறுதியிற் படிமத்தின் பெயரையும் எழுதுக. நினைவகத்துக்கு எல்லை குறியாவிடின் எல்லை இல்லையென்றே கொள்ளப்படும். எல்லை கடந்தாற் கரு அக்கொள்கலனுள் இருக்கும் நிரலையே கொல்லும். அயலார் அறியவும் மாட்டார். தன்னைப் பெருக்கும் அவ்விளையாட்டு நிரலும் இருநூறாவதோடு மூச்சடங்கும்.

சுட்டியால் அழுத்தி இவற்றைச் செய்யும் திரைகளும் உள. ஆயினும் நாற்பது பேருக்கு நாற்பது முறை அழுத்துவோன் இருபத்திரண்டாவது பேருக்கு ஏதேனும் ஒன்றை மறப்பான். சுட்டெண்களை வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் மேற்கூறிய இரு கட்டளைகளையும் இயக்குமாறு நான்கு வரியில் ஒரு நிரல் எழுதினால், தேநீர் ஆறுமுன் நாற்பது களங்களும் எழுந்து நிற்கும். மேலும், செய்தது இன்னதென்று எழுத்தில் நிற்கும். பிறர் படித்துப் பிழை காணலாம். மெலிந்த இணைய வழியிலே தொலைவிலிருந்து பணிபுரிவோர்க்கும் எழுத்தே இலேசானது.

நாள்தோறும் வேண்டுவன சிலவே. 'பீஎஸ்' ஓடிக்கொண்டிருக்குங் கொள்கலன்களைக் காட்டும். நின்றவற்றையுங் காண 'ஏ' என்னும் எழுத்தைச் சேர்த்தல் வேண்டும். சேர்க்காதவன் நின்ற களங்களை இல்லாக் களங்களென்று எண்ணி மயங்குவான். 'ஸ்டாற்ஸ்' யார் எவ்வளவு நினைவகம் உண்கின்றார் எனக் காட்டும். 'எக்செக்' ஓடுங் களத்தினுட் புகுந்து மாணாக்கனுக்கு உதவ வழி செய்யும். 'ஸ்டொப்' முதலில் மரியாதையாக முடிக்கச் சொல்லிப் பத்து விநாடி பொறுத்துப் பின்னரே வலிந்து நிறுத்தும். நின்ற கொள்கலன் அழிவதில்லை, 'ஸ்டார்ட்' என்றால் விட்ட இடத்துக் கோப்புகளோடு எழும். 'ஆர்எம்' என்பதே அழிப்பது.

நிறுத்தலுக்கும் அழித்தலுக்கும் உள்ள இவ்வேறுபாட்டை நான் கற்ற விதம் மகிழ்ச்சிக்குரியதன்று. முதலாண்டில் வட்டின் இடம் குறுகிவிட்டது. தீபாவளி விடுமுறைக்கு முன் அனைவரையுந் தத்தம் களத்தை நிறுத்திச் செல்லுமாறு பணித்தேன். அவ்வாறே செய்து சென்றனர். அறை வெறிதான பின், பயனற்றவற்றைத் துடைக்கும் 'சிஸ்டம் ப்ரூன்' என்னுங் கட்டளையைத் தட்டெழுதினேன். நின்ற கொள்கலன் யாவும் நீக்கப்படும், தொடர்வதா என்று அது கேட்டது. அதனைப் படித்தேன், படித்தும் 'ஆம்' என்பதற்குரிய எழுத்தை அழுத்தினேன். பெட்டகம் இணைத்திருந்தோர்க்கு இழப்பில்லை. அவர்க்குப் புதிய களம் விரித்துப் பழைய பெட்டகத்தை இணைத்ததும் யாவும் மீண்டன. ஆனால் இடையிற் சேர்ந்த பதினொருவர்க்கு நான் அவசரத்திற் பெட்டகமின்றியே களம் அமைத்திருந்தேன். அவர்களின் மூன்று கிழமை உழைப்பு அந்த ஓரெழுத்தோடு போயிற்று.

அவர்களுள் ஒருத்தி மூதூரைச் சேர்ந்தவள். மீனவர் குடும்பங்களிடம் கேட்டெழுதிய வினாத்தாள்களின் விடைகள் முழுவதையும் தட்டெழுதி அங்கே வைத்திருந்தாள். விடுமுறை முடிந்து வந்தவளிடம் நடந்ததைக் கூறினேன். அவள் சினந்திலள். "சேர், நிறுத்தத்தானே சொன்னீர்கள், நான் நிறுத்திவிட்டுத்தான் போனேன்" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மறுமொழி இல்லை. தாள்கள் அவள் வீட்டில் இருந்தமையால், அவற்றை எடுப்பித்து, ஒருவர் படிக்க ஒருவர் தட்டெழுத, ஒன்பது மாலை இருந்து மீட்டோம். மற்றப் பதின்மரின் நிரல்கள் மீளவில்லை. அவர்கள் மீண்டும் எழுதினர்.

அதன்பின் என் வழக்கம் மாறியது. பெட்டகமில்லாக் களத்தை அமைக்க முடியாதவாறு அந்நான்கு வரி நிரலைத் திருத்தினேன். அழிக்குமுன் 'இன்ஸ்பெக்ற்' என்னுங் கட்டளையாற் பெட்டகம் எங்கே இணைந்துள்ளது என்று கண்ணாரக் காண்பேன். துடைக்குங் கட்டளைகளை விட்டொழித்து, பெயர் சொல்லி ஒவ்வொன்றாகவே நீக்குகின்றேன். பெட்டகங்களைத் துடைப்பதற்கும் ஒரு கட்டளை உண்டு. அது எக்கொள்கலனோடும் இணையாத பெட்டகங்களை நீக்கிவிடக்கூடும் என்பதை இளைஞர் அறிந்திருத்தல் நன்று. பெட்டகம் காப்புப் படியும் அன்று. வட்டு பழுதுற்றால் அதுவும் போம். ஆதலின் இரவுதோறும் வேறொரு வட்டுக்குப் படியெடுத்தல் வேண்டும்.

கரு ஒன்றே என்று முன்னர் கூறினேன். அதனால் எழும் அச்சம் ஒன்றுண்டு. டொக்கர் வழக்கமாக முதலாளன் உரிமையோடு ஓடும் பின்னணி நிரலொன்றை நம்பி நடப்பது. அதற்குக் கட்டளையிடும் உரிமையை ஒருவர்க்கு அளித்தல் கணினி முழுவதன் திறவுகோலையும் அளித்தலாகும். எனவே மாணாக்கர் களத்தினுள்ளே இருக்கலாம், களத்தை ஆக்குங் கட்டளை காவலனிடமே இருத்தல் வேண்டும். பொட்மனுக்கு அத்தகைய பின்னணி நிரல் வேண்டா. சாதாரணப் பயனர் தம் உரிமைக்குள்ளேயே அதனை இயக்கலாம், அப்போது களத்தினுள் முதலாளனாகத் தோன்றுபவர் வெளியே சாதாரணரே. முன்பின் அறியாதவர் எழுதிய நிரலை ஏற்பதாயின், தனிக் கருவுடைய மெய்நிகர்க் கணினியே தக்கது என்பது என் கருத்து.

பெருந்தொகையினர் பயிலும் இடங்களில் 'யூப்பிற்றர்ஹப்' போன்ற அமைப்பு, மாணாக்கர் பெயர் கொடுத்து நுழையுந்தோறும் தானே களத்தை எழுப்பித் தரும். கோணேசபுரியிலே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருக்கோணமலை வளாகத்திற் கணினி விஞ்ஞானம் பயிலச் செல்லும் நம் மாணவர் இவற்றை விரைவிலே சந்திப்பர். அதற்குமுன் தம் சொந்தக் கணினியிற் சிறிது பழகுவாராக. வீட்டில் லினக்சு உள்ளோர் ஒரு பெட்டகமும் ஒரு களமும் அமைத்து, பெட்டகத்தில் ஒரு கோப்பும் களத்தின் வேறோர் இடத்தில் ஒரு கோப்பும் எழுதுக. களத்தை நிறுத்துக, மீண்டும் எழுப்புக, இரண்டும் இருக்கும். பின்னர்க் களத்தை அழித்து, அதே பெட்டகத்தோடு புதிய களம் விரித்து, எது எஞ்சியது என்று தேடிப் பார்க்க.